ஒப்பினெல் எண் 8 மழைக்காலத்தில் இறுகுவது ஏன்? கார்பனா, இனாக்ஸா?

கடலோரம் | 9 நவம்பர் 2023

தினமும் பாக்கெட்டில் வைக்க ஒரு மடக்குக் கத்தி வாங்கப் போகிறேன். பிரான்ஸ் நாட்டு மரக்கைப்பிடிக் கத்தியான ஒப்பினெல், அதில் எண் 8 என்பது முடிவு. பிளேடு கார்பன் இரும்பு என்றால் துருப்பிடிக்கும், கடற்கரை ஊருக்கு இனாக்ஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்)தான் சரி என்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் பிளேடு வெளியே வராமல் இறுகிக்கொள்ளும் என்றும் கேள்வி. இனாக்ஸ் வாங்கினால் இரண்டு தொல்லையும் சேர்ந்து தீருமா?

சாணைக்கல் | 9 நவம்பர் 2023

துரு மட்டும் குறையும். இறுக்கம் அப்படியே இருக்கும். அது மரத்தால் வருவது, பிளேடு எந்த இரும்பு என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

கைப்பிடி பீச் மரம். கடினம், கடைசலுக்கு அருமை, ஆனால் ஈரத்துக்கு ரொம்ப அசையும். பச்சை மரம் முழுக்கக் காயும்போது வருட வளையத்தை ஒட்டிய திசையில் 11 முதல் 12 சதவீதம் சுருங்கும். மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் 6 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. தேக்கு இதில் பாதிகூட வராது.

ஹீட்டர் ஓடும் ஐரோப்பிய வீட்டில் மரத்துக்குள் 7, 8 சதவீத ஈரம் இருக்கும். காற்றில் 80 சதவீத ஈரப்பதம் உள்ள நம் கடற்கரையில் அது 15, 16 சதவீதம். பிளேடின் இரு பக்கமும் நிற்கும் மரச்சுவர் ஒவ்வொன்றும் சுமார் 7 மி.மீ. கணக்குப் போட்டால் ஒரு சுவர் கால் மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக ஊதும். வெளியே ஊத இடமில்லை, ஏனென்றால் அங்கே இரும்பு வளையம் இறுக்கிப் பிடித்திருக்கிறது. உள்ளே மட்டும்தான் வழி. உள்ளே இருப்பது பிளேடின் அடிப்பகுதி.

ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு கத்தியில் ஒன்று இறுகி, மற்றது இறுகாமல் இருப்பதற்கும் இதுவே காரணம். மரத்தின் ரேகை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது கத்திக்குக் கத்தி மாறும். வாங்கும்போது கைப்பிடியின் அடிமுனையைப் பாருங்கள். மரத்தின் வருட வளையக் கோடுகள் பிளேடின் தட்டைப் பக்கத்துக்கு இணையாகப் போனால் சுவர் குறைவாக ஊதும், செங்குத்தாகப் போனால் அதிகம்.

கடலோரம் | 9 நவம்பர் 2023

கடைக்காரர் என்னை ஜோசியக்காரன் என்று நினைப்பார். சரி, இறுகிவிட்டால் திறப்பது எப்படி? பல்லால் இழுக்காதே என்று மட்டும் சொல்லாதீர்கள், அது எனக்கே தெரியும்.

சாணைக்கல் | 10 நவம்பர் 2023

முதலில் சவோய்க்காரர்களின் தட்டு. ஒப்பினெல் பிறந்த மலைப்பகுதியில் பழைய பழக்கம் இது. பிளேடைப் பூட்டும் விரோப்ளாக் வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி வைக்கவும். வளையம் உள்ள பக்கத்தைத் தளர்வாகப் பிடித்து, பிளேடு பள்ளம் கீழே பார்க்கும்படி வைத்து, கைப்பிடியின் வால் மூலையை மேசை விளிம்பில் ஒரு தட்டு. கைப்பிடி நிற்கும், பிளேடு நிற்காது. முனை இரண்டு மூன்று மி.மீ. எட்டிப் பார்க்கும், அதைப் பிடித்துத் திறக்கலாம். கீழே தொடையோ கையோ இருக்கக் கூடாது.

நிரந்தர வைத்தியம் இது:

வளையத்தைக் கழற்றவும். பிளேடைத் திறந்து, கூர்ப்பக்கத்தில் மாஸ்கிங் டேப் இரண்டு சுற்று. சர்க்ளிப் பிளையரின் (அழுத்தினால் நுனி விரியும் குறடு) நுனியை வளையத்தின் வெட்டில் விட்டு விரித்து, முன்பக்கமாக எடுக்க வேண்டும். உள்ளே இன்னொரு வளையம் நிலையாக இருக்கும், பிளேடு சுழலும் ஆணி அதன் வழியாகத்தான் போகிறது. அதைத் தொடாதீர்கள்.

கத்தியைக் காய வைக்கவும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடிய டப்பாவில் இரண்டு மூன்று நாள். வெயிலில் வைத்தால் வால் பக்கம் வெடிக்கும்.

220 நம்பர் உப்புத்தாளை விரல் அகலப் பட்டையாக வெட்டி, பிளேடைப் பாதி திறந்த நிலையில் வைத்து, பிளேடின் அடிக்கும் மரத்துக்கும் நடுவே செருகி இழுக்கவும், தேய்க்கும் பக்கம் மரத்தைப் பார்த்து. பள்ளத்தின் மற்ற பகுதிக்குப் பழைய ஏடிஎம் கார்டில் அதே தாளை மடித்துச் சுற்றினால் போதும். கார்டு 0.76 மி.மீ., தாளோடு சேர்த்து ஒன்றே கால் மி.மீ. வரும், பள்ளத்துக்குள் தாராளமாகப் போகும். பக்கத்துக்குப் பத்து இழுப்பு, திறந்து பார், மறுபடி பத்து. அவசரம் ஆகாது. மரத்தை எடுத்துவிடலாம், திரும்ப வைக்க முடியாது.

கடைசியாக வாசலின். ஆணி இருக்கும் இடத்தில் நிறையத் தடவி, தலை உலர்த்தும் மெஷினால் சூடு காட்டினால் உருகி மரத்துக்குள் இறங்கும். இரண்டு மூன்று முறை. மிஞ்சியதைத் துடைத்துவிட்டு வளையத்தைப் போடவும்.

பட்டறைப்பக்கம் | 10 நவம்பர் 2023

இரண்டு விஷயம்.

வளையத்தை ரொம்ப விரித்தால் அதன் விறைப்பு போய்விடும், பிறகு பாக்கெட்டுக்குள் தானாகவே சுற்றும். உள்ளே இருக்கும் நிலை வளையத்திலிருந்து வெளியே வரும் அளவு மட்டும் விரிக்கணும். போய்விட்டால் வைஸில் துணி வைத்து மெதுவாக நெருக்கி, இறுக்கம் திரும்பக் கொண்டு வரலாம்.

இரண்டாவது, காய வைத்துவிட்டுத் தேய்ப்பது எனக்கு ஒத்து வரவில்லை. காய்ந்த மரத்தில் சரியாக ஓடும் பிளேடு, ஈரம் ஏறினால் மறுபடி இறுகும். கதவு இறுகும்போது தச்சர் எப்போது இழைப்பார்? மழையில் இறுகி நிற்கும்போது. எவ்வளவு எடுக்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும்.

சாணைக்கல் | 11 நவம்பர் 2023

கதவு நியாயம்தான். ஆனால் இங்கே இரண்டு வகை ஈரம் இருக்கிறது. குழாயடியில் கழுவி மரம் தண்ணீர் குடித்திருந்தால், அதன் ஈரம் காற்றோடு ஒத்த அளவைத் தாண்டி 20, 25 என்று நிற்கும். அந்த நிலையில் தேய்த்தால் இழை பஞ்சு பஞ்சாகப் பிரியும், தேவைக்கு மேல் மரமும் போகும். அதைக் காய வைக்க வேண்டும். காற்று ஈரத்தில் மட்டும் இறுகிய கத்தியை அப்படியே நவம்பரிலேயே தேய்க்கலாம். சிலிக்கா ஜெல் தேவையில்லை, அறையில் இரண்டு நாள் திறந்து வைத்தால் அறையின் ஈரத்துக்கு வந்துவிடும்.

நிறுத்தும் அளவு: நவம்பரில் பிளேடு கொஞ்சம் பிடித்தபடி, ஒரே சீராக நகர வேண்டும். வழுக்கிக்கொண்டு ஓடினால் மே மாதம் ஆடும்.

நாட்டுமருந்து | 11 நவம்பர் 2023

எதற்கு வாசலின்? தேங்காய் எண்ணெயில் ராத்திரி முழுக்க ஊறப் போட்டால் முடிந்தது.

சாணைக்கல் | 11 நவம்பர் 2023

தேங்காய் எண்ணெய் மரத்துக்குள் ஒருபோதும் காயாது. சில மாதம் போனதும் சிக்கு வாடை வரும். மார்கழிக் காலையில் உறையவும் செய்யும், 24 டிகிரி போதும் அதற்கு. நல்லெண்ணெய் பாதி காய்ந்து பிசினாக நிற்கும், அது ஆணியில் இறங்கினால் இறுக்கம் இன்னும் கூடும்.

மரத்துக்கு எண்ணெய்தான் வேண்டும் என்றால் பெயிண்ட் கடையில் லின்சீடு ஆயில் கேளுங்கள், வெளிப்பக்கத்துக்கு மட்டும், மெல்லிய மூன்று பூச்சு, ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள். துடைத்த துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும், சுருண்டு கிடக்கும் துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காய வைத்து அல்லது தண்ணீரில் நனைத்துப் போட வேண்டும்.

தேங்காய் எண்ணெய்க்கு இந்தக் கத்தியில் ஒரே ஒரு நல்ல வேலை இருக்கிறது: பலாப்பழம். அறுக்கும் முன் பிளேடில் தடவினால் பால் ஒட்டாது.

கடலோரம் | 18 நவம்பர் 2023

வாங்கியாயிற்று. கார்பன். பார்த்தால் இனாக்ஸை விட அழகு. துருவுக்கு இப்போது என்ன செய்வது?

பட்டறைப்பக்கம் | 18 நவம்பர் 2023

கருக்க வையுங்கள். 0.9 சதவீதம் கார்பன் உள்ள இரும்பு, குரோமியம் பெயருக்குக்கூட இல்லை. வெள்ளையாகவே வைத்திருக்க ஆசைப்பட்டால் தினம் ஒரு போர். எண்ணெய்ப் பசையை சோப்பால் எடுத்து, முழுக்கத் துடைத்து, கெட்டி டீ டிகாஷனில் கொஞ்சம் வினிகர் விட்டு, பிளேடு மட்டும் முங்கும்படி உயரக் கிளாஸில் நிறுத்துங்கள். கைப்பிடி படக் கூடாது. அரை மணிக்கு ஒருமுறை எடுத்துப் பார்க்கணும். சாம்பல் நிறம் வந்ததும் கழுவி, துடைத்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு.

சோம்பேறிகளுக்கு மாங்காய். ஒரு சீசன் மாங்காய் நறுக்கினால் தானாகவே நீலம், ஊதா, கறுப்பு என்று ஏறும். முதல் சில நாள் மாங்காயும் கருக்கும், இரும்பு வாடை வரும், பயப்பட வேண்டாம்.

சாணைக்கல் | 19 நவம்பர் 2023

கறுப்பு நல்லது, செம்மண் நிறம் கெட்டது. செம்புள்ளி தெரிந்தால் எண்ணெய் விட்டு 0000 ஸ்டீல் வுல்லால் (மிக மெல்லிய இரும்புக் கம்பிப் பஞ்சு) அங்கே மட்டும் தேய்க்கவும். கண்ணில் படாத துரு வளையத்துக்கு அடியில் இருக்கும். வளையம் திரும்பும்போது கரகரவென்று மண் உரசுகிற மாதிரி கேட்டால் அங்கே ஏற்கெனவே வந்துவிட்டது. மாதம் ஒருமுறை பல் குச்சியில் பஞ்சு சுற்றி எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும்.

தோல் உறையில் நிரந்தரமாக வைக்காதீர்கள். பாக்கெட்டில் போகும்போது உறை சரி. ராத்திரி வெளியே எடுத்துவிட வேண்டும், தோல் வேர்வையைப் பிடித்து வைக்கும். இனாக்ஸும் உப்புக் காற்றில் புள்ளி விடும், அதன் பெயரை நம்பி அசட்டையாக இருக்க வேண்டாம்.

வளையத்தை மூடிய நிலையிலும் திருப்பிப் பூட்டி வையுங்கள். 1955-இல் மார்செல் ஒப்பினெல் கண்டுபிடித்த வளையம் முதலில் திறந்த பிளேடை மட்டும்தான் பூட்டியது. மூடிய நிலைப் பூட்டு சுமார் 2000 வாக்கில்தான் சேர்ந்தது. பழைய கத்தியை வாங்கி பாக்கெட்டில் போடுபவர்கள் இதைச் சோதிக்கணும்.

வடக்குலண்டன் | 2 டிசம்பர் 2023

இங்கே எண் 8 பாக்கெட்டில் வைக்கலாமா? அளவு பிரச்சினையா, பூட்டு பிரச்சினையா?

சாணைக்கல் | 2 டிசம்பர் 2023

இரண்டும். இங்கிலாந்தில் 1988-ஆம் ஆண்டு குற்றவியல் நீதிச் சட்டம், பிரிவு 139. மடங்கும் பாக்கெட் கத்தி, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்குள், அதாவது 7.62 செ.மீ.க்குள் இருந்தால் காரணம் சொல்லாமல் வைத்துக்கொள்ளலாம். எண் 8 பிளேடு 8.5 செ.மீ. அதோடு, பூட்டுப் போடும் கத்தி மடங்கும் கத்திக் கணக்கில் வராது என்பது அங்கே நீதிமன்றம் சொன்ன நிலைப்பாடு. எண் 6 எடுத்தால் 7 செ.மீ., ஆனால் வளையம் உண்டு, அதனால் அதுவும் ஆகாது. பொது இடத்தில் இவற்றுக்கு நியாயமான காரணம் காட்ட வேண்டும்.

எண் 2 முதல் 5 வரை வளையமே கிடையாது. எண் 5, பிளேடு 6 செ.மீ. உங்களுக்கு அதுதான்.

வடக்குலண்டன் | 2 டிசம்பர் 2023

அப்ப பூட்டு இல்லாம ஆப்பிள் வெட்டும்போது விரலில மடங்காதோ?

பட்டறைப்பக்கம் | 3 டிசம்பர் 2023

முதுகில் அழுத்தினால் மடங்கும், கூர்ப்பக்கம் வெட்டும்போது மடங்காது. குத்துவது, துளைப்பது, நெம்புவது, மூன்றும் வேண்டாம். பூட்டு உள்ள கத்தியிலேயே நெம்பக் கூடாது, முனை அவ்வளவு மெலிசு.

கடலோரம் | 3 டிசம்பர் 2023

இந்தியாவில் 6 அங்குலத்துக்கு மேல் லைசென்ஸ் என்கிறார்களே?

சாணைக்கல் | 3 டிசம்பர் 2023

ஆயுத விதிகள் 2016-இல் உள்ள எண் 9 அங்குல நீளம் அல்லது 2 அங்குல அகலம், அதற்கு மேல். வீடு, விவசாயம், தொழில் வேலைக்காகச் செய்தவை விலக்கு. ஆனால் டெல்லியில் 1980-இல் வந்த அறிவிப்பு ஒன்று தனி. ஸ்பிரிங், பட்டன் அல்லது வேறு இயந்திர அமைப்பால் திறக்கும் கத்தியில் பிளேடு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டினால் மாட்டும். ஒப்பினெல்லுக்கு ஸ்பிரிங் கிடையாது, நகத்தால் இழுத்துத்தான் திறக்க வேண்டும். ஆனாலும் சோதனைச் சாவடியில் நின்று விளக்கம் சொல்ல விருப்பமில்லாதவர்கள் எண் 6 எடுத்துக்கொள்வது நல்லது.

விமானத்தில் கைப்பையில் கூடாது, செக்-இன் பெட்டியில் போடவும். மால், மெட்ரோ, நீதிமன்றம் என்று ஸ்கேனர் இருக்கும் இடத்துக்குப் போகிற நாளில் வீட்டிலேயே இருக்கட்டும்.

நாட்டுமருந்து | 4 டிசம்பர் 2023

எங்கள் பாட்டிமார் சுருக்குப் பையில் பாக்குவெட்டியோடு ஊர் முழுக்கப் போனார்கள், ஒரு ஸ்கேனரும் கத்தவில்லை.

பட்டறைப்பக்கம் | 4 டிசம்பர் 2023

பாக்குவெட்டியைக் குறைத்து மதிக்காதீர்கள். மடங்கும், ஆணி உண்டு, பாக்கெட் சைஸ், பிளேடு பாக்குக்கு மட்டும். அடுத்த ஆள் கத்தியைக் கேட்டால் கொடுக்க மனம் வராத ஒரே கருவி. வேட்டிக்குப் பாக்கெட் வைக்காத குறைக்கு சுருக்குப் பை கண்டுபிடித்தார்கள்.

கடலோரம் | 20 ஜனவரி 2024

கூர் மங்கிவிட்டது. தெருவில் சாணை பிடிப்பவர் வருகிறார், கொடுக்கலாமா?

சாணைக்கல் | 20 ஜனவரி 2024

அரிவாள், தேங்காய்க் கத்திக்கு அவரை மிஞ்ச ஆளில்லை. இந்த மெலிசு பிளேடைக் கொடுக்காதீர்கள். வேகச் சக்கரத்தில் கூர் விளிம்பு கண் இமைக்கும் நேரத்தில் சூடாகும். சுமார் 300 டிகிரியில் நீலம் ஓடும். பதம் போட்டபோது ஏற்றிய சூட்டைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம், அந்த இடம் மெத்தென்று ஆகிவிடும். தண்ணீரில் முக்கினாலும் பழைய கடினம் வராது. நீலம் முழுக்கத் தேய்ந்து போகும் வரை கல்லில் தீட்டுவது ஒன்றே வழி.

வீட்டில் செய்ய இரட்டைப் பக்கக் கார்போரண்டம் கல் போதும். கோணத்துக்கு ஒரு கணக்கு: பிளேடு அகலத்தை 0.31-ஆல் பெருக்கினால் வரும் உயரத்துக்கு முதுகைத் தூக்கிப் பிடித்தால் 18 டிகிரி. 0.26 என்றால் 15, 0.34 என்றால் 20. அகலம் 18 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், பத்து ரூபாய் நாணயம் ஒன்று 1.77 மி.மீ. தடிமன், மூன்றை அடுக்கினால் 5.3, அதாவது சுமார் 17 டிகிரி. நாணயத்தின் மேல் முதுகை வைத்துக் கோணத்தைக் கையில் பதிய வைத்துவிட்டு, நாணயத்தை எடுத்துவிட்டுத் தீட்டவும்.

ஒரு பக்கம் மட்டும், மறுபக்கத்தில் பிசிறு எழும் வரை. பிசிறு கண்ணுக்குத் தெரியாது. கட்டைவிரலை முதுகிலிருந்து விளிம்பை நோக்கி, விளிம்புக்கு வெளியே போகிற மாதிரி தடவினால் நகத்தில் சொரசொரவென்று மாட்டும். அடியிலிருந்து முனை வரை எல்லா இடத்திலும் மாட்டும் வரை பக்கம் மாற்றக் கூடாது. பாதியில் மாற்றுவதுதான் பெரும்பாலானோருக்குக் கூர் வராத காரணம். பிறகு மறுபக்கம், பிறகு அழுத்தம் குறைத்து மாற்றி மாற்றி ஐந்து, மூன்று, ஒன்று. முடிவில் பழைய பெல்ட்டின் உள்பக்கத்தில் பஃபிங் (மெருகேற்றும்) கடைப் பச்சை சோப் தடவி, கூர் பின்னே இருக்கும்படி இழுப்பு.

வளையம் கல் விளிம்பில் இடிக்கும். அடிப்பக்கக் கடைசி சில மி.மீ. தீட்ட, வளையம் கல்லுக்கு வெளியே தொங்கும்படி ஓரத்தில் பிடிக்க வேண்டும்.

பட்டறைப்பக்கம் | 21 ஜனவரி 2024

இதில் முதல் பதிவோடு சேர வேண்டியது ஒன்று விட்டுப்போயிற்று. கல்லில் தண்ணீர் ஊற்றித் தீட்டினால் சேறு வழிந்து ஆணிக்குள் இறங்கும். அடுத்த நாள் கத்தி இறுகும், இவர்கள் மழையைக் குற்றம் சொல்வார்கள். ஆணிப் பக்கம் டேப் சுற்றுங்கள், இல்லை கல்லுக்குத் தண்ணீருக்குப் பதில் எண்ணெய் போடுங்கள். அதுவும் ஒருமுறை எண்ணெய் குடித்த கல் பிறகு தண்ணீருக்கு ஆகாது, முன்னாலேயே முடிவு பண்ணிக்கொள்ளணும்.

சாணைக்கல் | 6 மே 2024

வாசலின் பற்றி இரண்டாம் யோசனை. அக்னி நட்சத்திர வெயிலில் பாக்கெட்டுக்குள் இளகி, வேட்டி சட்டையில் எண்ணெய் வட்டம் போடுகிறது. வாசலின் மூன்று பங்கு, மெழுகுவத்தி மெழுகு ஒரு பங்கு, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் சிறு டப்பா வைத்து உருக்கிக் கலந்தால் நிற்கும். நேர் நெருப்பில் உருக்க வேண்டாம்.

இப்போது பிளேடு இடவலமாக ஆடுகிறது என்று ஆணியைச் சுத்தியலால் தட்டக் கிளம்புவீர்கள். தட்டாதீர்கள். மரம் காய்ந்து சுருங்கியிருக்கிறது, அவ்வளவுதான். இப்போது தட்டி இறுக்கினால் நவம்பரில் சவோய்க்காரரே வந்து தட்டினாலும் திறக்காது. இரண்டு மழைக்காலம் பார்த்தும் ஆடினால் மட்டும், ஒரு பக்க ஆணித் தலையை இரும்புக் கட்டை மேல் வைத்து, மறுபக்கத் தலையில் சின்னச் சுத்தியலால் இரண்டு தட்டு. திறந்து பார்த்துவிட்டு அடுத்த தட்டு.

நாட்டுமருந்து | 12 அக்டோபர் 2024

ஆயுத பூஜைக்கு சந்தனம், குங்குமம் வைத்து ராத்திரி முழுக்க விட்டேன். பொட்டு வைத்த இடத்தில் அப்படியே வட்டமாகத் துரு. அம்பாளுக்கே கார்பன் பிடிக்கவில்லை போல.

பட்டறைப்பக்கம் | 12 அக்டோபர் 2024

ஈரச் சந்தனம் இரவு முழுக்க ஒட்டியிருந்தால் எந்தக் கார்பன் இரும்பும் விடும். பட்டறையில் லேத்துக்கே சந்தனம் வைக்கும் முன் எண்ணெய் தடவுவோம், அல்லது பெயிண்ட் அடித்த இடத்தில் வைப்போம். உங்கள் கத்தியில் பொட்டு கைப்பிடிக்கு. பிளேடுக்கு எண்ணெய் விட்டு 0000 ஸ்டீல் வுல். அடியில் குழி விழுந்திருந்தால் விடுங்கள், சுற்றிலும் கருக்க வைத்துவிட்டால் மேற்கொண்டு பரவாது.

கடலோரம் | 13 அக்டோபர் 2024

பிளேடில் ஏற்கெனவே ஒரு கை முத்திரை இருக்கிறதே, கிரீடத்தோடு, பொட்டு எதற்கு?

சாணைக்கல் | 13 அக்டோபர் 2024

1909-இல் எடுத்த முத்திரை அது. ஆசீர்வதிக்கும் கை. ஒப்பினெல் குடும்பத்து ஊருக்குப் பக்கத்தில் சான் ழான் த மோரியென் என்ற ஊரின் தேவாலயத்தில் திருமுழுக்கு யோவானின் மூன்று விரல்கள் இருப்பதாக ஐதீகம், அந்த ஊர்ச் சின்னம்தான் கை. கிரீடம் சவோய் கோமகன்களுடையது. போலியைக் கண்டுபிடிக்க முத்திரையை மட்டும் பார்க்காதீர்கள், வளையத்தையும் திருப்பிப் பாருங்கள். அசலில் சீரான இறுக்கத்தோடு சுற்றும், பாதியில் தடுக்காது.

மழை ஆரம்பிக்கப் போகிறது. வளையத்தின் அடியைத் துடைத்து, மெழுகுக் கலவையை இந்த வாரமே போட்டுவிடுங்கள், ஈரம் ஏறிய பிறகு மரம் அதை உள்ளே வாங்காது.